சூரைமீனும் பிரிட்டோன் குளிசையும்: வீட்டுக்கு உதவும் சில குறிப்புகள்

யாழ்ப்பாணத்து வீடுகளில் பனடோலுக்கு அடுத்தபடி கைவசம் இருக்கும் குளிசை பிரிட்டோன். தடிமன் வந்தாலும் அதுதான், உடம்பு கடித்தாலும் அதுதான். குளவி கொட்டினாலும் அதைத்தான் தேடுகிறோம். பிள்ளை இரவில் நித்திரை கொள்ளாவிட்டால்கூடச் சில வீடுகளில் அரைக் குளிசை தண்ணீரில் கரைகிறது. அந்தச் சின்ன மஞ்சள் குளிசை சில இடங்களில் நன்றாக வேலை செய்யும், சில இடங்களில் பயன் தராது, இன்னும் சில இடங்களில் அதை நம்பிக் காத்திருப்பதே ஆபத்து. எது எந்த இடம் என்று பிரித்துக்கொள்ளத்தான் இந்தக் குறிப்புகள்.

1. முதலில், பிரிட்டோன் தடுக்கும் ஹிஸ்டமைன் என்ற பொருள். அது வெளியிலிருந்து வரும் நஞ்சு என்று நினைக்க வேண்டாம், நம் உடம்பே செய்து வைத்திருக்கும் பொருள். தோலிலும் மூக்கிலும் சுவாசக் குழாய்களிலும் உள்ள சில கலங்கள் அதைச் சேமித்து வைத்திருக்கும். ஒவ்வாத பொருள் பட்டதும் அவை அதைக் கொட்டும். கடி, தடிப்பு, தும்மல், மூக்கால் நீர் வடிதல் எல்லாம் அதன் விளைவு. இரைப்பையில் அமிலம் சுரக்கச் சொல்வதும், மூளையை விழித்திருக்கச் செய்வதும் இதே ஹிஸ்டமைன்தான். இதைத் தெரிந்துகொண்டால் பிரிட்டோன் போட்டால் ஏன் நித்திரை வருகிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

2. குளிசை ஹிஸ்டமைனை அழிப்பதில்லை. பஸ்ஸில் லேஞ்சியைப் போட்டு இடம் பிடிப்பதைப்போல, ஹிஸ்டமைன் வந்து அமர வேண்டிய இடத்தில் அது முதலே அமர்ந்துகொள்கிறது. அதனால்தான் ஒவ்வாமை வரும் என்று தெரிந்த வேளையில் முன்கூட்டியே போட்டால் கூடுதல் பலன், தடித்து வீங்கிய பிறகு போட்டால் மெல்லத்தான் குறையும். பரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டானியல் போவே 1937இல் இவ்வகை மருந்தின் முதல் வடிவத்தைக் கண்டார். மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சுத்தன்மை அதற்கு இருந்தது. அதன் வழித்தோன்றல்களே இன்று நம் மருந்துப்பெட்டிக்கு வந்திருக்கின்றன. போவேக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது.

3. இனி மீன். சூரை சாப்பிட்டால் உடம்பு கடிக்கும், அது கிரந்திச் சாப்பாடு என்று பெரியவர்கள் சொல்வதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. சூரை, கும்பளா, சாளை, கீரி, நெத்தலி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் வெயிலில் கிடந்தால் அதன் செவுளிலும் குடலிலும் உள்ள பக்டீரியாக்கள் பெருகி அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமைனாக மாற்றிவிடும். ஆகவே குற்றம் பெரும்பாலும் சூரையில் இல்லை, அது வள்ளத்திலும் சந்தையிலும் ஐஸ் இல்லாமல் கிடந்த நேரத்தில் இருக்கிறது. விளை, ஓரா போன்ற வெள்ளைச் சதை மீன்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

4. நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பது இந்த விஷயத்தில் பொருந்தாது. கொதிப்பில் பக்டீரியா சாகும், ஆனால் அது செய்து வைத்த ஹிஸ்டமைன் அப்படியே இருக்கும். பொரித்தாலும் போகாது. உறைய வைத்தாலும், ரின்னில் அடைத்தாலும் போகாது. பழப்புளியும் கொறுக்காப்புளியும் பக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கும். தெற்கில் சூரையைக் கொறுக்காப்புளியில் பிரட்டி வற்றவைக்கும் அம்புல்தியல் பழக்கத்துக்குப் பின்னால் இந்த அறிவு இருக்கிறது. ஆனால் புளி ஏற்கனவே உண்டான ஹிஸ்டமைனைத் திருப்பி எடுத்துவிடாது. எனவே பழுதாகப் போகும் சூரையைப் புளி கூட்டிக் காப்பாற்றலாம் என்று முயல வேண்டாம்.

5. வாங்கும்போது: பாசையூர், குருநகர், காக்கைதீவு என்று கரைக்குப் பக்கமான சந்தையில் காலையில் வாங்குவது நல்லது. மத்தியானம் கழிந்து சைக்கிள் பெட்டியில் வரும் சூரை மலிவாகக் கிடைக்கிறதென்றால் அந்த மலிவுக்கு ஒரு காரணம் இருக்கும். கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பா, சதை விரலுக்கு இறுகுகிறதா என்று பார்ப்பது வழக்கம், அது நல்ல வழக்கமும்தான். ஆனாலும் ஹிஸ்டமைன் கூடிய மீன் நாற வேண்டும் என்றில்லை, பார்வைக்கும் நன்றாகவே இருக்கலாம். அதனால் ‘ஐஸில் இருந்ததா, எப்போது பிடித்தது?’ என்ற கேள்வி கண்ணைப் பார்ப்பதைவிடப் பெறுமதியானது. வாயில் வைத்ததும் மிளகுபோல் உறைத்தாலோ நாக்கு சுணைத்தாலோ உடனே துப்பிவிடுங்கள். கறி வீணாகிறதே என்று பார்க்க வேண்டாம்.

6. வீட்டில்: மீன் வந்ததும் குடலையும் செவுளையும் எடுத்துக் கழுவி, உடனே சமைக்காவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகை செல்சியசுக்குக் கீழே வையுங்கள். நமது வெயில் 30 பாகையைத் தாண்டும்போது சில மணித்தியாலமே போதும், மீன் கெட்டுவிடும். முற்றத்துக் கழுவுதொட்டியில் மீனை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவது சாளைக்கும் சூரைக்கும் ஏற்ற பழக்கம் இல்லை. நீண்ட மின்வெட்டு வந்தால் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ரின்மீன் உடைத்தால் மீதியை வேறு ஏனத்துக்கு மாற்றிக் குளிரில் வைத்து, அடுத்த நாளே முடித்துவிடுங்கள்.

7. மீன் சாப்பிட்டு 10 நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து சுட்டு, தலையிடித்து, நெஞ்சு படபடத்து, உடம்பு தடித்தால் மீனிலிருந்த ஹிஸ்டமைனை முதலில் சந்தேகியுங்கள். சிலருக்கு வயிற்றோட்டமும் இருக்கும். ஒரே சட்டியில் சாப்பிட்ட பலருக்கும் வந்ததா என்று கேளுங்கள். பலருக்கு வந்திருந்தால் அது அந்த மீனின் பிழை. அந்த இனமே எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஆயுள் முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை, அடுத்த முறை நல்ல மீன் வாங்கினால் போதும். ஒருவருக்கு மட்டும், அதுவும் சாப்பிடும் தடவையெல்லாம் வருகிறதென்றால் அது ஒவ்வாமையாக இருக்கலாம், வைத்தியரிடம் காட்ட வேண்டும். இந்தக் கணக்குக்கு ஒரு முக்கிய விலக்கு உண்டு. அது அடுத்த குறிப்பு.

8. வீட்டில் யாராவது காசநோய்க்கு மருந்து எடுக்கிறார்களா? அப்படியென்றால் இதைக் கட்டாயம் வாசியுங்கள். ஐசோனியசிட் அந்தச் சிகிச்சையின் முக்கியமான மருந்து, வழமையான 6 மாதச் சிகிச்சையில் தொடக்கம் முதல் முடிவு வரை இருக்கும். குடலில் ஹிஸ்டமைனை உடைக்கும் நொதியை அது தடுத்துவிடும். ஆகவே மற்றவர்கள் ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டு எழும்பும் அதே மீன் கறியில், அவருக்கு மட்டும் முகம் சிவந்து தலை வெடிப்பதுபோல் இடிக்கும், நெஞ்சு அடிக்கும். இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் இலங்கை வைத்தியர்கள் முன்னணியில் இருந்தார்கள். மார்புநோய் வைத்தியர் ஊரகொடவும் மருந்தியலாளர் கொத்தேகொடவும் 1977இல், ஐசோனியசிட் எடுப்பவர்கள் ஹிஸ்டமைன் கூடிய மீனைச் சாப்பிட்டபோது ஏற்பட்ட பாதிப்புகளை எழுதினார்கள். 1981இல் சேனாநாயக்கவும் வைரவநாதனும் சூரை இன மீனால் காசநோயாளருக்கு வந்த இதே பாதிப்பை வெளியிட்டார்கள். மீன் இல்லாமல் ஒரு நாள் சோறு இறங்காத ஊர் என்பதால் நமக்கு இது மற்ற எவரையும்விட நெருக்கமான செய்தி.

அந்த வீட்டில் செய்ய வேண்டியது: மருந்து எடுக்கும் காலம் முழுக்க அவருக்குச் சூரை, கும்பளா, சாளை, இவற்றின் கருவாடு, மாசி, ரின்மீன் எதையும் வைக்காதீர்கள். மாசியும் சூரையிலிருந்துதான் வருகிறது, சம்பலில் தூளாகக் கிடந்தாலும் மாசி மாசிதான். விளை, ஓரா, முட்டை, பருப்பு கொடுக்கலாம். ஒரு முறை இப்படி வந்துவிட்டால், ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று தாங்களாகவே காசநோய் மருந்தை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்த வேண்டியது மீனை. மருந்தை இடையில் விட்டால் நோய் மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக மாறக்கூடும். மார்புநோய் கிளினிக்கில் நடந்ததைச் சொல்லுங்கள், அவர்களுக்கு இது புதிய கதையாக இராது.

9. ஒடியல் கூழ் குடித்துக் கடித்தால் மீனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அதில் நண்டும் இறாலும் கணவாயும் சேர்ந்து கிடக்கின்றன. இவை தரும் ஒவ்வாமை பெரும்பாலும் துரோபோமயோசின் என்ற புரதத்தால் வருகிறது, அதுவும் கொதிக்க வைத்தாலும் போகாது. நண்டுக்கு உதடு வீங்கியவர் இறாலைச் சோதித்துப் பார்க்காமல் இருப்பது நல்லது. விருந்துக்குக் கூழ் காய்ச்சுகிறவர்கள் அப்படிப்பட்டவருக்கு நண்டும் இறாலும் போடாமல் ஒரு சின்னச் சட்டியைத் தனியாக வையுங்கள். ஒரே அகப்பையை இரண்டுக்கும் பாவித்தால் அந்தத் தனிச் சட்டிக்கு அர்த்தம் இல்லை.

10. எந்தக் குளிசை? பிரிட்டோன் என்று நாம் சொல்வது குளோர்பெனிரமின் 4 மில்லிகிராம். இது பழைய தலைமுறை. மூளைக்குள் எளிதில் நுழையும், 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வேண்டியிருக்கும். வளர்ந்தவர் ஒரு நாளைக்கு 24 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. செட்டிரிசின், லொராட்டடின், பெக்ஸோபெனடின் என்பன பிந்திய தலைமுறை. மூளைக்குள் குறைவாகவே போகும், பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒன்று போதும். தும்மலுக்கும் கடிக்கும் இவையே மேல் என்பது என் கருத்து. மலிவும் பழக்கமும் சேர்ந்தே பிரிட்டோனை இன்னும் வைத்திருக்கின்றன. செட்டிரிசின் சிலரை அசத்தும் என்பதால் முதல் குளிசையை இரவில் போட்டுப் பாருங்கள். சிறுநீரக நோய் உள்ளவருக்கு அதன் அளவைக் குறைக்க வேண்டும்.

11. பிரிட்டோன் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். ‘எனக்கு நித்திரை வரவில்லையே’ என்று உணர்வதும் பாதுகாப்பு இல்லை. உணராமலே கை பிந்தும், கவனம் குறையும். இரவு வள்ளத்தில் வலை இழுப்பவர்களுக்கும், பனை ஏறுபவர்களுக்கும், அரிவுமெஷின் பிடிப்பவர்களுக்கும் இது இரட்டிப்பாகப் பொருந்தும். கள்ளோ சாராயமோ சேர்ந்தால் மயக்கம் ஒன்றுக்கு ஒன்றாகக் கூடுவதோடு நிற்காது.

12. தடிமனுக்கு என்று விற்கும் கலப்புக் குளிசைகள் பலவற்றில் பரசிற்றமோலும் குளோர்பெனிரமினும் சேர்ந்தே இருக்கும். அதைப் போட்டபின் பனடோலும் பிரிட்டோனும் தனித்தனியாகப் போட்டால் இரண்டும் இரட்டிப்பாகும். பெட்டியின் பின்பக்கத்தை வாசித்துவிட்டுப் போடுங்கள்.

13. வயதானவர்கள். இந்த ஒன்றைக் கொஞ்சம் ஊன்றிச் சொல்ல வேண்டும். பழைய தலைமுறைக் குளிசைகள் ஹிஸ்டமைனோடு நிற்பதில்லை, அசற்றைல்கோலின் என்ற இன்னொரு பொருளின் வேலையையும் தடுக்கின்றன. வாய் வறளும், மலம் இறுகும். புரஸ்டேற் வீக்கம் உள்ள ஐயாவுக்குச் சலம் அடைத்துக்கொள்ளும். இரவில் எழும்பி மறுகி, இது எந்த இடம் என்று கேட்பார், பாத்ரூமுக்குப் போகும் வழியில் விழுவார். ‘திடீரென்று அறளை பெயர்ந்துவிட்டது’ என்று சொல்லிக்கொண்டு வரும் பிள்ளைகள் முதலில் கடந்த கிழமை கொடுத்த குளிசைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் கண் வைத்தியரைக் கேட்காமல் இவ்வகைக் குளிசை போடக்கூடாது.

14. பிள்ளைகளை நித்திரையாக்கப் பிரிட்டோன் பாணி கொடுக்கவே கூடாது. 2 வயதுக்குக் கீழே புரோமெதசின் (பெனர்கன்) மூச்சையே அடக்கிவிடக்கூடியது, மரணங்கள் நிகழ்ந்திருக்கின்றன. சில பிள்ளைகள் மயங்குவதற்குப் பதிலாகத் துள்ளிக் குதிக்கவும் செய்யும். கடிக்காக வைத்தியர் பாணி எழுதினால், குசினிக் கரண்டியால் அளக்காமல் பெட்டியோடு வரும் 5 மில்லிலீற்றர் அளவுகோப்பையால் அளந்து கொடுங்கள். பசி எடுக்க என்று சிப்ரோஹெப்டடின் வாங்கிக் கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல்: அதுவும் இதே குடும்பத்துக் குளிசை, அதே நித்திரை அதற்கும் உண்டு. குளிசையை நிறுத்தியதும் பசியும் போய்விடும்.

15. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் போகிறவர்களுக்கும், இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவர்களுக்கும்: சத்தி வராமல் தடுக்கும் சின்னரிசின் குளிசையும் ஹிஸ்டமைன் தடுப்பிதான். படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயன் இல்லை, 2 மணித்தியாலத்துக்கு முன்பே போட வேண்டும். நித்திரை வராத புதிய தலைமுறைக் குளிசைகள் இதற்கு உதவா, மூளைக்குள் போகாததே காரணம். தலைச்சுற்றுக்கு என்று சின்னரிசினை மாதக்கணக்கில் தொடரும் வயதானவர்களுக்குக் கைநடுக்கமும் நடைத் தளர்வும் வரக்கூடும். அப்படிக் கண்டால் வைத்தியரிடம் குளிசையின் பெயரைச் சொல்லுங்கள்.

16. அதே தலைச்சுற்றுக்கு வேறு வைத்தியர் பீற்றாஹிஸ்டின் எழுதியிருக்கலாம். அது ஹிஸ்டமைனைப்போலவே வேலை செய்யும் மருந்து. ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் பிரிட்டோனையும் போடுவது, முன்னால் இருவரும் பின்னால் இருவரும் இழுக்கும் வேலை.

17. சோளகம் அடிக்கும் மாதங்களில் புழுதியால் வரும் தும்மலுக்கும் மூக்கு நீருக்கும் குளிசை கேட்கும். மூக்கடைப்புக்கு அவ்வளவாகக் கேட்காது, அதற்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிறே மருந்தே சரி. தொய்வுக்கு இது மருந்தே இல்லை. முட்டு எடுக்கும்போது பிரிட்டோன் தேடும் நேரத்தில் பம்மை எடுங்கள்.

18. முருங்கையில் மயிர்க்கொட்டி பட்டால் தேய்க்கவோ சொறியவோ கூடாது. ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்தால் மயிர் அதோடு வரும். பிறகு சவர்க்காரமும் தண்ணீரும், தேவைப்பட்டால் கலமைன். ஹிஸ்டமைன் தடுப்பி கலந்த பூச்சுகளைத் தவிர்த்துவிடுங்கள், சிலருக்கு அந்தப் பூச்சே தோலில் ஒவ்வாமையை உண்டாக்கிவிடும்.

19. பனைக் குளவி பலமுறை கொட்டினாலோ, கொட்டிய இடம் தவிர உடம்பெல்லாம் தடித்தாலோ, நாக்கும் தொண்டையும் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, கண் இருண்டு சரிந்தாலோ குளிசையைத் தேடி நேரம் போக்க வேண்டாம். அந்த நிலையில் உயிரைக் காப்பது தொடையில் ஏற்றும் அட்ரினலின் ஊசி மட்டும்தான். 1990ஐ அழையுங்கள். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், எழுப்பி நடத்தாதீர்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து இருக்க விடலாம்.

இந்த வேறுபாட்டுக்கு இலங்கையிலேயே நல்ல சான்று உண்டு. பாம்புக்கடிக்கு ஏற்றும் நச்சுமுறி மருந்து குதிரையின் குருதியிலிருந்து எடுப்பது, பலருக்கு அதுவே கடும் ஒவ்வாமையைத் தரும். களனிப் பல்கலைக்கழகத்தின் அசித்த டி சில்வா குழு இலங்கை ஆஸ்பத்திரிகளில் 1007 பேரிடம் இதைத் தடுக்கும் வழியை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டது. முன்கூட்டியே கொடுத்த சிறு அளவு அட்ரினலின், முதல் ஒரு மணித்தியாலத்தில் கடும் பாதிப்புகளை 43 சதவீதம் குறைத்தது. ஹிஸ்டமைன் தடுப்பியான புரோமெதசின் அப்படி எதையும் குறைக்கவில்லை. புடையனோ சுருட்டையோ கடித்தவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் ‘முன்னெச்சரிக்கையாக’ ஒரு பிரிட்டோனை விழுங்க வைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

20. காஸ்ரிக்குக்குப் போடும் பமோடிடினும் ஹிஸ்டமைன் தடுப்பிதான். ஆனால் அது இரைப்பையில் அமிலம் சுரக்கும் இடத்தை அடைக்கிறது, தும்மலுக்கு அதைப் போட்டுப் பயனில்லை. பிரிட்டோன் போட்டு நெஞ்செரிவு குறையாததும் இதனால்தான். பழைய ரனிற்றிடின் அட்டை வீட்டில் கிடந்தால் போடாதீர்கள். புற்றுநோய் அச்சம் தரும் மாசு அதில் இருந்ததால் 2020இல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்தே நீக்கியது.

21. தோலில் ஒவ்வாமைச் சோதனை செய்யத் திகதி கிடைத்திருந்தால் எத்தனை நாளுக்கு முன் குளிசையை நிறுத்த வேண்டும் என்று கேட்டு வையுங்கள், பொதுவாக ஒரு கிழமை சொல்வார்கள். பெக்ஸோபெனடினைத் தோடம்பழச் சாற்றோடு விழுங்கினால் பாதியும் உடம்பில் சேராமல் போகலாம், தண்ணீரே போதும்.

22. சின்னக் கிளினிக்குகளில் கடிக்கு என்று பெயர் எழுதாத கடதாசி உறையில் குளிசை தருவது இன்னும் நடக்கிறது. அதில் ஸ்ரிரோயிட் சேர்ந்திருந்தால் கடி அன்றே நிற்கும், சீனி நோயாளிக்குச் சீனி ஏறும், மாதக்கணக்கில் தொடர்ந்தால் வேறு தொல்லைகளும் வரும். உறையின் மேல் மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உண்டானபோது, வர்த்தகப் பெயரை விட்டுப் பொதுப்பெயரில் மருந்து எழுதுவதற்காகவே இந்த நாட்டில் பெரிய சண்டை நடந்தது. கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதித் தந்த அந்த உறையை வெட்டி எறியாமல், அடுத்த முறை எந்த வைத்தியரிடம் போனாலும் கூடவே கொண்டுபோங்கள்.